கரடிக்குக் களி வைத்தவர்

ஈச்சனஅள்ளி ஊராட்சியில் நூற்று நாற்பத்திரண்டு வீடுகளின் குப்பை கலைமணியின் பொறுப்பு. கம்பைநல்லூருக்கு மேற்கே, மாந்தோப்புகளுக்கு நடுவில் சிதறிக் கிடக்கும் ஊர் அது. காலை ஆறரைக்கு மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்புவார். ஒவ்வொரு வாசலிலும் விசில் ஊதி நின்று, பச்சைத் தொட்டியிலும் சிவப்புத் தொட்டியிலும் வாங்கிக்கொண்டு, பதினொன்றரைக்குக் கிடங்கில் கொட்டிப் பிரித்துவிட்டு வீடு திரும்புவார். தூய்மைக் காவலர் என்பது பணியின் பெயர். அடையாள அட்டையில் பிறந்த ஆண்டு 1980 என்று இருக்கிறது. அது பள்ளியில் சேர்த்த நாளில் ஆசிரியர் உத்தேசமாக எழுதிக்கொண்டது. உண்மையான ஆண்டு யாருக்கும் நினைவில்லை. கணவர் ஆண்டி போர்வெல் வண்டியோடு வெளிமாநிலங்களுக்குப் போய், ஆண்டுக்கு இரண்டு முறை வருவார். மகள் அன்பரசி அரூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

2021 மே மாதத்தில் கலைமணி செய்தவற்றைத் தேதிவாரியாகச் சொல்ல முடிவதற்கு அன்பரசியே காரணம். தன் பழைய வேதியியல் செய்முறை ஏட்டின் பின்பக்கங்களில், எந்த வீடு எப்போது அடைக்கப்பட்டது, அங்கே என்ன பிராணி இருக்கிறது, அதற்கு யார் சோறு வைக்க வேண்டும் என்று அவள் நாள்தோறும் எழுதி வைத்திருந்தாள். அம்மா மறந்துவிடக் கூடாது என்பதற்காகத் தொடங்கிய பட்டியல் அது.

அந்த மாதம் ஊரில் பத்தொன்பது வீடுகள் அடைக்கப்பட்டன. வாசலில் குறுக்காக இரண்டு மூங்கிலைக் கட்டி, கதவில் ஒரு தாளை ஒட்டிவிடுவார்கள். அந்த வீடுகளின் மாடுகளை உறவினர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள், பால் கறக்கிறதல்லவா. ஆடுகளுக்கும் ஆள் கிடைத்தது. நாய்க்கும் பூனைக்கும் எவரும் வரவில்லை. அவை கொரோனாவைப் பரப்புகின்றன என்று யாரோ சொல்ல, யாரோ கைப்பேசியில் அனுப்ப, ஊரே நம்பியது. ஒருவர் தம் பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தார். இன்னொருவர் நாயைப் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் குளிப்பாட்ட, அதன் வயிற்றுத் தோல் வெந்து உரிந்தது.

அடைத்த வீடுகளின் வாசல் வரை தினமும் போன ஒரே ஆள் கலைமணிதான். மருந்து தெளிப்பதும் அவர், மளிகைப் பையை வைத்துவிட்டு வருவதும் அவர். முதலில் கேட்டவர் காசியம்மாள். தனியாக வாழ்பவர், காய்ச்சலோடு சன்னலில் நின்றுகொண்டு, "இந்தப் பூனய மட்டும் வெளிய எடுத்துக்கம்மா. தள்ளுனாலும் வந்து மடியில படுக்குது" என்றார். பூனையும் காய்ச்சல் கண்டதுபோலச் சோர்ந்திருக்கிறது என்று எண்ணித் தம் மாத்திரையில் பாதியைப் பாலில் கரைக்கவும் நினைத்திருந்தார். கலைமணி கம்பைநல்லூர் கால்நடை மருந்தகத்தின் உதவியாளர் பச்சியப்பனுக்குப் போன் செய்தார்.

"ஐயோ, மாத்திரய வெக்க வேணாம்னு சொல்லு. மனுசனுக்குக் காய்ச்சல் வுடற மாத்திர பூனக்கி வெசம்" என்றார் பச்சியப்பன். "நோவு வந்தவங்க தொடக் கூடாது, கொஞ்சக் கூடாது. நோவில்லாத ஆளு தனித் தட்டுல சோறு வெக்கணும். மருந்து, டெட்டால், பிளீச்சிங் எதுவும் அதும் மேல படக் கூடாது. அவ்வளவுதான். அதுக்கு மேல எனக்கும் ஒண்ணும் தெரியாது."

இந்த நான்கு விதிகளையும் அன்பரசி ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். மே பத்தாம் தேதிக்குள் அவர்கள் பட்டியலில் நான்கு நாய்களும் மூன்று பூனைகளும் சேர்ந்திருந்தன. அரிசியையோ கேழ்வரகு மாவையோ அந்தந்த வீட்டாரே வாசலில் வைத்துவிடுவார்கள். கலைமணி தம் வீட்டு அடுப்பில் ஒரே பாத்திரத்தில் ஆக்கி, காலைச் சுற்றிலும் மாலைச் சுற்றிலும் கொண்டுபோய் வைப்பார். திரும்பியதும் வீட்டுக்குப் பின்னால் குளித்து, உடுத்தியதை ஊறவைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிப்போனது உண்டு.

மே 17, திங்கட்கிழமை. ஊரின் கடைசியில், சாலையை விட்டு உள்ளே தோட்டத்தில் இருக்கும் கோவிந்தன் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்து, அவரையும் அவர் மனைவி கோகிலவாணியையும் ஏற்றிச் சென்றது. கோவிந்தன் ஊரில் நிலம் அதிகம் உள்ளவர்களில் ஒருவர். பிள்ளைகள் பெங்களூரில். மாலையில் கோகிலவாணி போனில் அழைத்தார்.

"கலை, கோகிலா பேசறன். கரடிய மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்துல சங்கிலில கட்டிட்டு வந்தன். இல்லீன்னா வண்டி பின்னாலயே ஓடியாந்திருக்கும். காலைல களி போட்டதுதான். நாளைலருந்து நீ கொஞ்சம் பாத்துக்க சாமி."

"அது என்னக் கண்டாலே பாயுதுங்களேக்கா."

"வேற யாருகிட்டச் சொல்லுவன்? சொந்தக்காரங்களே எங்க வூட்டுப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டறாங்க."

கரடி என்பது அடர்ந்த கறுப்பு மயிர்கொண்ட நாய். அது கலைமணியைக் கண்டால் பாய்வதற்குக் காரணம் இருந்தது. அதை உண்டாக்கியதில் கலைமணிக்கும் பங்கு உண்டு. 2017இல் ஆட்டுத் திருடர்கள் கோழிக்கறியில் விஷம் வைத்துக் கோவிந்தனின் பழைய நாயைக் கொன்று, பட்டியிலிருந்து நான்கு ஆடுகளைக் கொண்டுபோனார்கள். அடுத்து வளர்த்த குட்டியை, இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் செய்வதுபோல், வெளியாள் கொடுப்பதைத் தின்னாதிருக்கக் கோவிந்தன் பழக்கினார். பழக்குவதற்கு ஒரு வெளியாள் வேண்டும். தினமும் வாசல் படலுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பவர் கலைமணி.

"ஏ கலைமணி, இந்தக் கறிய அதுக்கு முன்னால போடு" என்பார். கலைமணி போடுவார். குட்டி மூக்கை நீட்டும். கோவிந்தன் புளிய விளாரால் மூக்கின் மேல் ஓர் அடி வைப்பார். இருபது நாட்கள் இப்படி நடந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் கோவிந்தன், கோகிலவாணி இருவர் கையைத் தவிர வேறு எவர் கையிலும் அது தின்றதில்லை. அடுத்த ஆண்டு கலைமணியின் கெண்டைக்காலைக் கடித்தது. "தின்னாதன்னுதான் பழக்குனன், கடிடான்னு சொல்லலியே" என்று சிரித்துக்கொண்டே கோவிந்தன் தம் வண்டியில் அவரை ஊசிக்கு அழைத்துப் போனார்.

மே 18 காலை களி உருண்டையும் மோரும் கொண்டுபோன கலைமணி, வட்டிலைக் குச்சியால் தள்ளி வைத்துவிட்டு வேலிக்கு வெளியே நின்றார். கரடி ஒரு மணி நேரம் குரைத்தது. களியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாலையில் களி காய்ந்து வெடித்திருந்தது. அதன் மேல் எறும்புகள். மாடுகளுக்கான தொட்டியில் மட்டும் தண்ணீர் குடித்தது. தொட்டிக்குக் குழாய்த் தண்ணீரை விடுவதைப் பற்றி அதற்கு எவரும் எதுவும் பழக்கியிருக்கவில்லை.

கோவிந்தனின் தம்பி கிருஷ்ணப்பன் முந்தைய நாளே மாடுகளை ஓட்டிப் போயிருந்தார். கலைமணி அவரிடம் போய்க் கேட்டார்.

"நான் போட்டாலும் திங்காது" என்றார் அவர். "எங்கண்ணன் ஒரு ஆளுக்குன்னு வளத்த நாயி. செத்தா செத்துட்டுப் போவுதுன்னு வுடு. மனுசனுக்கே படுக்க எடமில்லாமக் கெடக்குது, நீ நாய்க்கு நாயமாப் பேச வந்துட்ட."

"அவுத்தாவது வுட்டுடலாங்களா?"

"கிட்டப் போயி அவுக்கறவன் யாரு? அவுத்தா ரோட்டுக்கு ஓடும். கொரோனா நாயின்னு கல்லால அடிச்சே கொன்னுருவானுங்க."

அன்று மாலை கோகிலவாணி கேட்டார். "தின்னுச்சா கலை?"

"தின்னுச்சுங்கக்கா."

"அப்பாடா. அவருக்கு மூச்சு ரொம்ப வாங்குது, அவர மட்டும் தர்மபுரிக்கு மாத்திட்டாங்க. கரடி தின்னுச்சான்னு கேட்டுட்டுத்தான் ஆக்சிசன் மூடியவே மாட்ட வுடறாராம். நர்சம்மா போன்ல சிரிக்குது."

அடுத்த நாள் கலைமணி வேறு ஒரு வழி யோசித்தார். கோவிந்தனின் குரலைக் கேட்டால் தின்னும் என்று தோன்றியது. செவிலியர் உதவியோடு அவரை அழைத்து, நாய் இருக்கும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கல்லின் மேல் போனை வைத்துச் சத்தத்தைக் கூட்டினார். "கரடிக்கு உங்க கொரலு கேக்கணும்போல இருக்குதுங்கண்ணா, தின்னுடான்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

"டேய் கரடி..." என்றது போன். இடையில் நீண்ட மூச்சு. "தின்னுடா... தின்னு."

கரடி காதுகளைத் தூக்கியது. கல்லை முகர முயன்றது. பிறகு ஆம்புலன்ஸ் போன திசையில் சங்கிலியை இழுத்தது. கழுத்துப்பட்டை அறுத்து ரத்தம் வரும்வரை இழுத்தது. முடியாதபோது உட்கார்ந்து, முகத்தை உயர்த்தி ஊளையிடத் தொடங்கியது. இரண்டு மணி நேரம் நிற்கவில்லை.

அந்த ஊளை ஊருக்குள் கேட்டது. அந்த வாரம் மட்டும் ஊரில் மூன்று பேர் இறந்திருந்தார்கள். நாய் ஊளையிட்டால் அடுத்த சாவு உறுதி என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். கதவடைத்த டீக்கடையின் சொந்தக்காரர் தமிழ்மணி உலக்கையோடு கிளம்பினார். கூட நான்கு பேர். ஊராட்சிச் செயலர் மாதவராஜ் வழியில் நிறுத்தி, கலைமணியையும் அழைத்தார்.

"அம்மா, நீ அந்த நாய்க்கு என்ன பண்ணுன?"

"சோறு வெச்சங்க. திங்க மாட்டுது."

"திங்காத நாயி ஊளதான் வுடும்" என்றார் தமிழ்மணி. "அடிச்சு மண்ணுல போட்டா அதுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி."

"அண்ணன் திரும்பி வந்து கேட்டா நீ பதில் சொல்றியா?" என்றார் கலைமணி.

"திரும்பி வந்தாப் பாக்கலாம்."

சொன்ன பிறகு தமிழ்மணிக்கே அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. உலக்கையைக் கீழே ஊன்றிக்கொண்டார். மாதவராஜ் யோசித்து, "திங்கக்கெழம வரைக்கும் பாக்கலாம். அன்னிக்கோட இப்பத்திய ஊரடங்கு முடியுது, நான் வேற வேலையில இருப்பன். அதுக்குள்ள தின்னு சத்தம் அடங்குனா சரி. இல்லீன்னா இவங்க என்ன பண்ணுனாலும் நான் வந்து தடுக்க முடியாது" என்றார். அன்பரசியின் ஏட்டில் மே 19இன் கீழ் இருப்பது இரண்டு சொற்கள்: கரடி, திங்கள்.

வியாழக்கிழமை கோகிலவாணியிடமிருந்தே யோசனை வந்தது. அதற்குள் கலைமணி அவரிடம் மட்டும் உண்மையில் கால் பங்கைச் சொல்லியிருந்தார்: கொஞ்சம்தான் தின்கிறது, முரண்டு பிடிக்கிறது என்று.

"பின்னால கொடியில என் பொடவ கெடக்குது. அத மேல போத்திக்கிட்டுப் போ. நான்னு நெனச்சுக்கும்."

கலைமணி புடவையை எடுத்தார். எடுத்ததும், மூன்று வாரங்களாக அடைத்த வீடுகளின் பொருட்களுக்கு என்ன செய்து வந்தாரோ அதையே இதற்கும் செய்தார்: பிளீச்சிங் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி, உலர்த்தினார். அது அவர் கைக்குப் பழகிய வேலை. யோசித்துச் செய்ததன்று. மாலையில் அதைப் போர்த்திக்கொண்டு கரடியின் முன் போய் உட்கார்ந்தார். கரடி மூக்கை நீட்டியது, தும்மியது, மேலும் ஒரு முறை தும்மியது, சுவரோரம் பின்வாங்கி உறுமியது.

"நாய்க்குக் கண்ணு மூக்குலதாம்மா இருக்குது" என்றார் பச்சியப்பன் போனில். அன்று கன்று ஈனும் ஏழு மாடுகளைப் பார்த்துவிட்டு வந்தவர், குரல் கம்மியிருந்தது. "பொடவய வெளுத்ததோட கோகிலாவையும் சேத்து வெளுத்துட்ட. தொவைக்காத துணி வேணும்."

"தொவைக்காததுன்னா... நோவுக்காரங்க போட்டதுங்களே."

"அதான். அப்பிடியே எடுத்து மாட்டிக்காத. நல்ல வெய்யில்ல ரெண்டு மூணு நாள் போடு. வெய்யில்ல கிருமி போயிருமுன்னு சொல்றாங்க, வாசன முழுசாப் போவாது. மாஸ்க்கு மேல மாஸ்க்கு போட்டுக்க. மாட்டுக்கு ஊசி போடறவன்கிட்ட மனுசன் நோவக் கேக்கற, இதுக்கு மேல என்ன சொல்றது?"

"அது வரைக்கும் தாங்குங்களாண்ணா?"

"தண்ணி குடிக்குதில்ல? ஒரு வாரம் தாங்கும். அதுக்கு மேல சொல்ல முடியாது."

வீட்டினுள்ளே போக வேண்டியிருந்தது. மாதவராஜ், "மருந்தடிக்கப் போனன்னு எழுதிக்கறன்" என்றார். ஊராட்சிப் பதிவேட்டில் அந்த நாளுக்கு எதிரில் கிருமிநாசினி தெளிப்பு என்றே இருக்கிறது. கோகிலவாணி சொன்ன இடத்தில் சாவி இருந்தது. ஒன்பது ஆண்டுகளாக அந்த வீட்டின் படலுக்கு வெளியே நின்ற கலைமணி, முதல் தடவையாக அதன் கூடத்தில் நின்றார். பாதி குடித்த காப்பித் தம்ளர், கலைந்த பாய், கீழே விழுந்து கிடந்த ஒரு செருப்பு. நாற்காலி முதுகில் கோவிந்தனின் துண்டு, நீலக் கரையோடு, வியர்வை காய்ந்து விறைத்துக் கிடந்தது. அதைக் குச்சியால் தூக்கி வெளியே கொண்டுவந்து, கொட்டகையின் தகரக் கூரைமேல் விரித்தார்.

அன்பரசி அம்மாவை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"நீ வேலைக்குப் போறியா, சாவப் போறியா? உன்னக் கடிச்ச நாயிம்மா அது."

"கடிச்சது அது தப்பா? நாந்தான கறி போட்டுப் போட்டு அடி வாங்கிக் குடுத்தன்."

"அவரு சொன்னாரு, நீ போட்ட."

"சொன்னதும் போட்டனில்ல" என்றார் கலைமணி. பேச்சை முடித்துக்கொண்டு குளிக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கிழக்கே கறுத்துக் காற்று அடித்தது. கோடை மழை. கலைமணி அப்போது ஊரின் மறுகோடியில் வேறொரு வீட்டுப் பூனைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். கூரையிலிருந்து துண்டைக் குச்சியால் இழுத்துக் கொட்டகைக்குள் போடுவதற்கும் மழை இறங்குவதற்கும் சரியாக இருந்தது. கரடி அவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. குரைக்கவில்லை. ஐந்து நாட்களில் முதல் முறையாகக் குரைக்காதது அவருக்குப் பயத்தைத் தந்தது. அதன் விலா எலும்புகளை மயிருக்கு மேலேயே எண்ண முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மே 23. மதியம் வரை துண்டு மீண்டும் வெயிலில் கிடந்தது. நாலரை மணிக்குக் கலைமணி இரண்டு முகக்கவசங்களை அணிந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். புதிதாகக் கிளறிய களியை நாயின் சொந்த வட்டிலில் வைத்துக் குச்சியால் தள்ளினார். பிறகு சங்கிலி எட்டாத தூரத்தில், ஓர் அடி மட்டுமே விட்டு, தரையில் உட்கார்ந்தார். நின்றுகொண்டே வைத்தால் பழைய ஞாபகம் வரும் என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

கரடி எழுந்தது. தள்ளாடியபடி சங்கிலி முடியும் இடம்வரை வந்து மூக்கை நீட்டியது. துண்டின் முனை காற்றில் அசைந்தது. அது முகர்ந்தது, பின் தலையைத் தூக்கிக் கலைமணியின் முகத்தைப் பார்த்து உறுமியது, மறுபடியும் துண்டை முகர்ந்தது. இப்படியே இருபது நிமிடங்கள். கலைமணி அசையவில்லை. கால் மரத்துப்போனது. முகக்கவசத்துக்குள் வியர்வை வாயில் வழிந்தது. இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கு உலக்கையோடு வருவார்கள் என்பது மட்டும் மனதில் இருந்தது.

கரடி வட்டிலருகே போனது. தலையைத் தாழ்த்திக் கண்களை இறுக மூடிக்கொண்டு சிறிது நேரம் அப்படியே நின்றது. மூக்கின் மேல் அடி விழும் என்று எதிர்பார்த்து நின்றதாகக் கலைமணி பிற்பாடு மகளிடம் சொன்னார். அடி விழவில்லை. களியில் வாயை வைத்தது. முதலில் மெதுவாக, பிறகு மூச்சுவிடாமல். பாதியில் வாந்தி எடுத்து, மோரைக் குடித்து, மீண்டும் தின்றது.

அன்று மாலை கோகிலவாணி வழக்கம்போல் கேட்டார்.

"தின்னுச்சுங்கக்கா."

"தெனமும் இதத்தான சொல்ற. இன்னிக்கு ஏன் அழுவற?"

திங்கட்கிழமை காலை தமிழ்மணி தோட்டத்துப் படல்வரை வந்து பார்த்தார். கரடி தின்றுவிட்டுப் படுத்திருந்தது. அவரைக் கண்டு ஒரு தடவை குரைத்தது. திரும்பிப் போய்விட்டார்.

அதன் பிறகு கரடிக்குக் களி வைப்பது அன்றாட வேலையாயிற்று, ஆனால் எளிதாகவில்லை. துண்டு இல்லாமல் போனால் அது வட்டிலைத் தொடாது. துண்டைத் துவைக்கவும் முடியாது. காலையும் மாலையும் கலைமணி அதைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிய தெரு வழியாக நடந்தார். அந்தத் தெருவில் தோளில் துண்டோடு நடப்பதற்கு அவருடைய அப்பா பழக்கப்பட்டவர் அல்லர். தெருமுனையிலேயே எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்.

"என்னா கலைமணி, பண்ணையம் பாக்க ஆரம்பிச்சிட்ட? துண்டெல்லாம் தோள்ல ஏறிருச்சு" என்றார் தமிழ்மணி, பாதி திறந்த கடைக் கதவுக்குப் பின்னாலிருந்து.

"இந்தா, நீ போட்டுக்க. ரெண்டு வேள களி கிளறி எடுத்துட்டுப் போயி வெச்சுட்டு வா."

"எனக்கெதுக்கு அந்தக் கொரோனாத் துண்டு?"

"அப்பக் கதவச் சாத்திக்க."

மே 29 அன்று கலைமணிக்குக் காய்ச்சல் வந்தது. ஊர் முழுக்க, நாயிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்றார்கள். சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை எந்தப் பிராணியின் அருகிலும் போகக் கூடாது என்பதால், மற்ற வீடுகளுக்கு அன்பரசி போனாள். கரடிக்கு மட்டும் வேறு வழியில்லை. வேலி ஓரத்திலிருந்து நீண்ட மூங்கிலால் வட்டிலைத் தள்ளிவிட்டு, துண்டை மூங்கில் நுனியில் கட்டி அதன் பக்கத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். கரடி தின்று முடிக்கும்வரை நின்றார். முடிவு 31ஆம் தேதி வந்தது: கொரோனா இல்லை. உடம்பு அசதி என்றார்கள். அசதிக்கு ஓய்வெடுக்கச் சொன்னார்கள்.

கோகிலவாணிக்கு மாதக் கடைசியில் குணமானது. ஆனால் தருமபுரியில் கணவருக்குத் துணையாகத் தங்கிவிட்டார். ஜூன் 5 அன்று இருவரும் வீடு திரும்பினார்கள். கோவிந்தனின் எடையில் பதினொரு கிலோ குறைந்திருந்தது. கூடத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கரடி அவரைப் பார்த்ததும் சங்கிலியின் முழு நீளத்துக்கும் பாய்ந்து, முனகி, தரையில் புரண்டது.

"அவுத்து வுடு" என்றார் கோவிந்தன்.

"ஏழு நாளுங்கண்ணா" என்றார் கலைமணி. "நீங்களும் அக்காளும் இன்னம் ஏழு நாளு கிட்டப் போவக் கூடாதுன்னு பச்சியப்பண்ணன் சொல்லியிருக்காரு. உங்க மூச்சு அதுக்கு ஆவாதாம்."

"நாய்க்கு வருமா இந்தக் கருமம்?"

"வரும்னும் சொல்ல மாட்டறாரு, வராதுன்னும் சொல்ல மாட்டறாரு. ஏழு நாளுன்னு மட்டும் சொல்றாரு."

கோவிந்தன் வாதாடவில்லை. வாதாடுவதற்கு மூச்சு இல்லை. கலைமணி தோளில் துண்டோடு உட்கார்ந்து வட்டிலைத் தள்ளுவதையும், நாய் தின்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என் துண்டுதான?"

"ஆமாங்கண்ணா."

நான்காம் நாள் கேட்டார்: "அப்ப, வெளியாளு குடுத்தாத் தின்னுது இப்ப?"

"என்கிட்ட மட்டுந்தாங்கண்ணா. நேத்து உங்க தம்பி போட்டாரு. மோந்துகூடப் பாக்கல."

"ம்" என்றார் கோவிந்தன். இருமல் வந்தது. இருமி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கோகிலவாணி உள்ளிருந்து வெந்நீரோடு வந்தார். கலைமணிக்கும் ஒரு தம்ளர் மோரை எடுத்துவந்து, வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். நோய்க்காகத் தள்ளி நின்றாரா, வழக்கத்தினால் நின்றாரா என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் அன்று எவரும் இல்லை. கலைமணி மோரைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். பட்டியலில் அப்போது இன்னும் இரண்டு நாய்களும் ஒரு பூனையும் இருந்தன.

ஜூன் 12 காலை கோவிந்தன் தம் கையால் களி வைத்தார். கரடி தின்றது. கோகிலவாணி போனில் சொன்னார். கலைமணி போய்ப் பார்க்கவில்லை. அன்று துண்டை மூன்று தடவை சோப்புப் போட்டுத் துவைத்து, உலர்த்தி, மடித்து, மறுநாள் காலைச் சுற்றில் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனார். கோவிந்தன் படலருகே நின்றிருந்தார். கரடி சங்கிலி இல்லாமல் அவர் காலடியில் படுத்திருந்தது. கலைமணியைக் கண்டதும் வாலை ஒரு தடவை தரையில் தட்டியது.

"துண்டுங்கண்ணா."

கோவிந்தன் பையைப் பார்த்தார். கை நீட்டவில்லை.

"அது உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

நன்றியாகச் சொன்னதா, இன்னொருவர் தோளில் கிடந்த துண்டு வேண்டாம் என்று சொன்னதா என்பதை அவர் குரலிலிருந்து அறிய முடியவில்லை. கலைமணிக்கு அன்று இன்னும் எழுபது வாசல்கள் பாக்கி இருந்தன. குப்பையை வாங்கிக்கொண்டார். ஜூன் வெயிலில் வண்டியின் இரும்புக் கைப்பிடி ஒன்பது மணிக்கே சுடத் தொடங்கிவிடும். துண்டை எடுத்துக் கைப்பிடியில் இரண்டு சுற்றாகச் சுற்றி முடிந்துகொண்டு, வண்டியைத் தள்ளினார்.